‘அட்வைஸ்’ எது? ‘அட்வைஃஸ்’ எது?

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு மணற்குன்று. அதன் மேல் ஒரு கோயில், அடியில் ஒரு குகை. அதுதான் மணப்பாடு. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் இந்தக் குகையில் தங்கியிருந்தார் என்று ஊரார் சொல்வார்கள். 1544-இல் அவர் எழுதிய கடிதங்கள் சில இந்த ஊரிலிருந்தே போயிருக்கின்றன.

சவேரியாரின் தாய்மொழி பாஸ்கு. தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை வைத்துக்கொண்டு மந்திரங்களைத் தமிழாக்கினார். அவற்றை நெட்டுருப் போட்டார். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். அப்படிச் செய்துவரும்போது ஓரிடத்தில் இடறியது. 1544-இல் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். ‘நம்புகிறேன்’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருக்கிறது. ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றல்லவா ஆகிறது, அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடுங்கள் என்பது அந்தத் திருத்தத்தின் சாரம்.

மாணவ நண்பர்களே, வேற்று மொழியைக் காதால் கேட்டுக் கற்கிறவருக்கு நேரும் தொல்லை இது. அன்று ஐரோப்பியர் தமிழில் பட்டார். இன்று நாம் ஆங்கிலத்தில் படுகிறோம். சவேரியாரைத் தொந்தரவு செய்த அதே ‘நம்பு’ என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நம்பிக்கை ‘பிலீஃப்’, நம்பு ‘பிலீவ்’. இரண்டுக்கும் வேறுபாடு கடைசி ஒலியில் மட்டும். ‘ஐ பிலீஃப்’ என்று எழுதிவிட்டுச் சிவப்பு மை வாங்கியவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்?

இப்படிப்பட்ட இரட்டையர்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அறிவுரை ‘அட்வைஸ்’; அறிவுரை கூறு ‘அட்வைஃஸ்’. கருவி ‘டிவைஸ்’, வகுத்தமை ‘டிவைஃஸ்’. பயன் ‘யூஸ்’; பயன்படுத்து ‘யூஃஸ்’. சான்று ‘ப்ரூஃப்’, மெய்ப்பி ‘ப்ரூவ்’. மூச்சு ‘ப்ரெத்’, மூச்சு விடு ‘ப்ரீத்’. (இந்தக் கட்டுரையில் ‘ஃஸ்’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் இசட் என்ற எழுத்தின் ஒலியை, அதாவது வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஒலியைப் படித்துக் கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் அதற்குத் தனி உரு இல்லை. தொல்லையின் ஒரு பாதி இங்கேயே இருக்கிறது: இரண்டையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘அட்வைஸ்’ ஆகிவிடும்.)

இந்த இரட்டையர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். பட்டியல் தேர்வு வரை நிற்கும், பிறகு போய்விடும். அதைவிட உறுதியான வழி ஒன்று உங்கள் தொண்டையிலேயே இருக்கிறது. அதற்கு முன், நாம் ஏன் குழம்புகிறோம் என்று பார்த்துவிடுவோம்.

‘பண்ணு’ செய்த வேலை

மணப்பாட்டுக் கடற்கரையில் படகு வந்ததும் மீன் ஏலம் போகும். ‘ஏலம்’ எந்த மொழிச் சொல்? போர்ச்சுகீசியச் சொல். ‘லெய்லாவ்’ என்பது நம் வாயில் ‘ஏலம்’ ஆயிற்று. வீட்டுக்குப் போய்ச் ‘சாவி’யைத் தேடுகிறீர்கள், ‘ஜன்னலை’த் திறக்கிறீர்கள், ‘அலமாரி’யிலிருந்து புத்தகத்தை எடுத்து ‘மேசை’ மேல் வைக்கிறீர்கள். எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள்.

இவற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? அநேகமாக எல்லாம் பெயர்ச்சொற்கள். தமிழ் வேற்று மொழியிலிருந்து பெயரைத் தாராளமாக வாங்கும். வினையை அப்படியே வாங்காது. வினை வேண்டுமானால் வாங்கிய பெயரோடு தன் சொந்த வினை ஒன்றை ஒட்டிக்கொள்ளும். ஏலம் என்பதை ‘ஏலம் விடு’, ‘ஏலம் எடு’ என்று ஆக்கிக்கொண்டது போல. ஆங்கிலம் வந்தபோதும் இதே வழிதான். ‘யூஸ் பண்ணு’, ‘பிராக்டீஸ் பண்ணு’, ‘அட்வைஸ் பண்ணு’. வினையின் பாரம் முழுவதையும் ‘பண்ணு’ சுமக்கிறது. காலம், இடம், பால் எல்லாம் அதன் தலையில். ஆகவே ஆங்கிலச் சொல் எந்த உருவில் இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. ‘அட்வைஃஸ்’ என்ற வினை உருவம் நம் காதுக்கு வரவே தேவையில்லாமல் போயிற்று.

தமிழுக்கு இது குறையன்று. மிக வசதியான ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் ஆங்கிலம் எழுத உட்காரும்போது அங்கே ‘பண்ணு’ இல்லை. சுமையைச் சொல்லே சுமக்க வேண்டும். அப்போது நமக்குத் தெரிந்த ஒரே உருவத்தைப் போட்டு, அதன் வாலில் இறந்தகாலத்தை ஒட்டி, சி, ஈ, டி என்று முடித்துவிடுகிறோம். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது.

விரலைத் தொண்டையில் வையுங்கள்

இப்போது சோதனை. கருவி எதுவும் வேண்டாம். இரண்டு விரல்களைக் குரல்வளை மேட்டின் மீது மெல்ல வையுங்கள். பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலியுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. இனி வண்டைப் போல ‘ஃஸ்ஃஸ்ஃஸ்’ என்று ஒலியுங்கள். விரல் நுனியில் அதிர்வு தெரிகிறதல்லவா? அது இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இரு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். இரண்டாவது ஒலியின்போது மண்டையே ரீங்காரமிடும்.

குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல்நாண்கள் என்கிறோம். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை நெருக்கி அடித்தால் அவை அதிரும். வளர்ந்த ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 தடவைக்கு மேல், பெண்களுக்கு ஏறத்தாழ 200 தடவை. நாண்கள் விலகி நின்றால் காற்று அதிர்வின்றி வெளியேறும். ‘ஸ்’ என்பதற்கும் ‘ஃஸ்’ என்பதற்கும் நாக்கு இருக்கும் இடம் ஒன்றேதான். வேறுபாடு நாண்களில் மட்டும். ‘ஃப்’, ‘வ்’ என்ற இணையும் ஏறக்குறைய அப்படியே. ஆங்கிலத்தில் ‘டி, எச்’ என்ற இரண்டெழுத்தால் எழுதும் ஒலியிலும் அதிர்வது ஒன்று, அதிராதது ஒன்று என இரண்டு வகை உண்டு.

விரலை எடுக்காமல் மேலே சொன்ன இணைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். பிலீஃப், பிலீவ். ப்ரூஃப், ப்ரூவ். அட்வைஸ், அட்வைஃஸ். யூஸ், யூஃஸ். என்ன தெரிகிறது? பெயர்ச்சொல்லின் கடைசி ஒலியில் நாண்கள் ஓய்ந்துவிடுகின்றன. வினைச்சொல்லின் கடைசி ஒலியிலும் அவை அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பெயர் வன்மையாக முடிகிறது, வினை மென்மையாக முடிகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலேயர் வேகமாகப் பேசும்போது அந்தக் கடைசி அதிர்வு சரியாகக் கேட்காமலே போகும். ஆனாலும் அவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை. ஏனெனில், மென்மையான ஒலிக்கு முன்னே நிற்கும் உயிரொலியை அவர்கள் சற்று நீட்டுவார்கள். ‘அட்வைஸ்’ என்பதில் உள்ள ‘ஐ’ குறுகும். ‘அட்வைஃஸ்’ என்பதில் நீளும். வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது ‘யூஸ்’ எங்கே குறுகுகிறது, எங்கே நீள்கிறது என்று கவனியுங்கள்.

இது உங்களுக்குப் புதியதா?

இல்லை. பேசக் கற்ற நாள் முதல் நீங்கள் செய்துவருவதுதான். விரலை மறுபடி தொண்டையில் வைத்து, ‘பாடு’ என்று சொல்லுங்கள். அதிர்வு தொடக்கம் முதல் கடைசி வரை அறாமல் ஓடுகிறது. ‘பாட்டு’ என்று சொல்லுங்கள். நடுவில் கண்ணிமைக்கும் நேரம் அதிர்வு நின்று, பின் தொடர்கிறது. ‘எழுது’ என்பதிலும் ‘எழுத்து’ என்பதிலும் அதே வேறுபாடு. பாடு வினை, பாட்டு பெயர். எழுது வினை, எழுத்து பெயர். மென்மை வினைக்கு, வன்மை பெயருக்கு! (பேசு, பேச்சு, வீசு, வீச்சு என்ற இணைகளில் நாண்களின் கணக்கு அவ்வளவு பொருந்தாது. ஆனாலும் பெயரே வல்லென்று ஒலிக்கிறது.)

இதைக் கொண்டு தமிழும் ஆங்கிலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். காரணங்கள் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் உடலியல் ஒன்று. உயிரொலிகளுக்குக் குரல்நாண்கள் அதிர்ந்தாக வேண்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு வல்லெழுத்து தனியாக அகப்பட்டால், அதற்காக அதிர்வை நிறுத்தி மறுபடி தொடங்குவது வீண் வேலை. அதிர்வு அப்படியே ஓடிவிடுகிறது, வல்லெழுத்து மெலிகிறது. ‘முதல்’ என்பதில் தகரம் அப்படி மெலிந்தது. ‘முத்து’ என்பதில் இரட்டித்துத் தடித்து நிற்பதால் அதிர்வை நிறுத்திவிட்டது. ‘அது’ என்னும்போது நீங்கள் ஒலிக்கும் தகரம் இருக்கிறதே, அது ஆங்கில ‘ப்ரீத்’தின் கடைசி ஒலிக்கு மிக நெருங்கியது. அந்த ஒலிக்குப் பல நாட்டார் நாக்கைப் பழக்கப் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இது எப்படி நேர்ந்தது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் வீடு ‘ஹூஸ்’. வீட்டில் குடிவைத்தல் ‘ஹூஃஸியன்’. குளியல் ‘பத்’ என்பது போல. குளித்தல் ‘பதியன்’ என்பது போல. வினைக்கு ஒரு விகுதி உண்டு. அந்த விகுதி உயிரொலியில் தொடங்கும். ஆகவே வினையில் மட்டும் நடு மெய் இரண்டு உயிர்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு மெலிந்தது. பெயரில் அது சொல்லின் கடைசியில் நின்றதால் வன்மையாகவே இருந்துவிட்டது. அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. மெலிவு மட்டும் நிலைத்தது. ‘ப்ரீத்’, ‘பிலீவ்’ போன்ற சொற்களின் கடைசியில் ஒலிக்காத ‘ஈ’ என்ற எழுத்து ஒன்று சும்மா நிற்கிறதே, ஏன் என்று எண்ணியதுண்டா? பல சொற்களில் அது அந்த உதிர்ந்த விகுதியின் மிச்சம். உள்ளே இருந்த உயிர் போனபின் கரையில் கிடக்கும் சிப்பி போல.

‘நைஃப்’ என்பதன் பன்மை ஏன் ‘நைவ்ஸ்’ ஆகிறது, ‘லீஃப்’ ஏன் ‘லீவ்ஸ்’ ஆகிறது என்று ஆறாம் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ‘அது அப்படித்தான்’ என்று பதில் வந்திருக்கும். காரணம் இதேதான். பன்மை விகுதியின் உயிர் வந்து சேர்ந்ததும் நடுவே நின்ற மெய் மெலிந்தது.

‘அட்வைஸ்’ இந்தப் பழங்குடியைச் சேர்ந்ததன்று. பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் வந்த இடத்தின் வழக்கத்துக்குப் பணிந்துவிட்டது. எழுதும்போது பெயரின் வன்மையைக் காட்டச் ‘சி’ என்ற எழுத்தையும், வினையின் மென்மையைக் காட்ட ‘எஸ்’ என்ற எழுத்தையும் போட்டார்கள்.

முத்துக் குளித்தவரின் மூச்சு

‘ப்ரெத்’, ‘ப்ரீத்’ இணைக்கு இந்தக் கரையை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. குளிப்பவரிடம் காற்றுக் கருவி எதுவும் கிடையாது. கயிற்றில் கட்டிய கல்லைப் பற்றிக்கொண்டு விரைவாக அடிக்கு இறங்குவார். ‘பார்’ எனப்படும் திட்டில் உள்ள சிப்பிகளைத் திரட்டுவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். அந்த ஒரு நிமிடம் அவர் அடக்கி வைத்திருப்பது ‘ப்ரெத்’. அது ஒரு பொருள் போல, இருக்கும், தீரும். அந்த ஒரு நிமிடமும் அவர் செய்ய முடியாதது ‘ப்ரீத்’. அது ஒரு செயல். உயிரொலியும் இங்கே மாறுகிறது: பெயரில் குறில், வினையில் நெடில். ‘பாத்’ என்ற குளியலும் ‘பேத்’ என்ற குளித்தலும் கூட இப்படி உயிர் மாறியவையே.

தமிழில் இது தலைகீழ். கெடு, கேடு. சுடு, சூடு. பெறு, பேறு. இங்கே பெயருக்குத்தான் நெடில். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்தீர்களே, அது. ‘படு’ என்பதிலிருந்து ‘பாடு’ வருவதும் அவ்வாறே. நம் கரையில் மீனவர்கள் ‘இன்னைக்குப் பாடு எப்படி?’ என்று கேட்டுக்கொள்வார்கள். எவ்வளவு மீன் பட்டது என்று பொருள். அந்தப் ‘பாடு’ பெயர்ச்சொல். மேடையில் ஏறிய பிள்ளையைப் பார்த்து ‘பாடு’ என்றால் அது வினை. மணப்பாடு என்ற ஊரின் பெயரில் உள்ள ‘பாடு’ எப்படி வந்தது என்பது வேறு விசாரணை, இங்கே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தமிழில் மெய்யை இரட்டித்த இடமெல்லாம் பெயர் ஆகிவிடாது. ஓடு என்பது ‘ஓட்டு’ ஆனால் அது பிறவினை. ஆங்கிலத்திலும் விதிக்கு அடங்காதவை உண்டு. அவற்றில் தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் மூன்றை மட்டும் பார்ப்போம்.

காது கைவிடும் இடங்கள்

முதலாவது ‘பிராக்டிஸ்’. இதில் பெயரும் வினையும் ஒரே மாதிரி ஒலிக்கும், இரண்டிலும் வன்மைதான். விரலைத் தொண்டையில் வைத்துப் பயனில்லை. எழுத்தில் மட்டும், ‘அட்வைஸ்’ இணையைப் பார்த்துப் போட்டது போல, பெயருக்குச் ‘சி’, வினைக்கு ‘எஸ்’. ‘லைசென்ஸ்’ என்பதும் அவ்வாறே. நம் நாட்டு ஓட்டுநர் உரிம அட்டையை வாங்கிப் பாருங்கள். உரிமம் பெயர்ச்சொல் ஆகையால் ‘சி’ போட்டிருக்கும். இது பிரிட்டிஷ் வழக்கம். நம் பள்ளிகள் பின்பற்றுவது. அமெரிக்கர் இந்த வேறுபாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ‘பிராக்டிஸ்’ எப்போதும் ‘சி’, ‘லைசென்ஸ்’ எப்போதும் ‘எஸ்’ என்பது அவர்கள் ஏற்பாடு. அமெரிக்க நூல் ஒன்றில் வேறு மாதிரி கண்டால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஐயம் வந்தால் ‘அட்வைஸ்’ என்பதை அந்த இடத்தில் வைத்து ஒலித்துப் பார்த்து, அதன் எழுத்தையே இதற்கும் போடுங்கள்.

இரண்டாவது ‘அஃபெக்ட்’, ‘இஃபெக்ட்’. முன்னதன் முதல் எழுத்து ‘ஏ’, பின்னதன் முதல் எழுத்து ‘ஈ’. பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். பொதுவாக ‘ஏ’ வினை, ‘பாதி’ என்று பொருள். ‘ஈ’ பெயர், ‘விளைவு’ என்று பொருள். இதில் தவறு செய்தால் மதிப்பெண் மட்டும் போவதில்லை, பொருளே கவிழும். ஏனெனில் ‘ஈ’யில் தொடங்கும் சொல்லுக்கு வினையாகவும் ஒரு பொருள் உண்டு: ‘உண்டாக்கு’. ‘கடல் மாசு முத்துச்சிப்பிகளைப் பாதிக்கிறது’ என்று அறிவியல் விடைத்தாளில் எழுத வந்தவர் ‘ஏ’ போடும் இடத்தில் ‘ஈ’ போட்டால், ‘கடல் மாசு முத்துச்சிப்பிகளை உண்டாக்குகிறது’ என்று எழுதியவர் ஆவார்! சவேரியாரின் ‘வேணும்’ போன்ற கதைதான்.

மூன்றாவது வகையில் எழுத்தும் மாறாது. அழுத்தம் மட்டும் இடம் மாறும். நீங்கள் ஆய்வகத்தில் வைத்திருப்பது ‘ரெக்கார்ட்’. அழுத்தம் முதல் அசையில். அதில் அளவுகளைப் பதிவு செய்வது ‘ரிகார்ட்’. அழுத்தம் இரண்டாம் அசையில். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் நடக்கும் ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ என்பவையும் இப்படியே. பெயரானால் தலையில் அழுத்தம், வினையானால் வாலில். தமிழில் இப்படி அழுத்தத்தை மாற்றிப் பொருளை மாற்றும் வழக்கம் இல்லாததால் இது நம் காதில் எளிதில் விழுவதில்லை. ஆங்கிலத்திலும் இது முன்பு அரிதாகவே இருந்தது. 1570-இல் அச்சான லெவின்ஸ் என்பவரின் அகராதியில் இத்தகைய இணைகள் மூன்றே மூன்றுதான் இருந்தன. ரெக்கார்ட் அவற்றில் ஒன்று. இன்று நூற்றுக்கு மேல். மொழி இன்னும் இந்த வேலையை நிறுத்தவில்லை.

அந்த 1570-களில் நம் கரையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புன்னைக்காயலில் இருந்த என்றிக்கே என்றிக்கசு என்ற போர்ச்சுகீசியர் சவேரியாரைப் போல நெட்டுருவோடு நிற்காமல் தமிழை முறையாகக் கற்றார். 1549 அளவில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். இலத்தீன் முறையை ஒட்டிப் பெயருக்கு வேற்றுமைகளையும் வினைக்குக் கால வடிவங்களையும் வரிசைப்படுத்தினார். 1578-இல் அவர் பெயர்த்த தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இலக்கணமோ லிசுபன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1982-இல்தான் அச்சேறியது. தமிழின் பெயரையும் வினையையும் பிரித்தறிய ஓர் அயலார் எடுத்த முயற்சியை அதில் காணலாம்.

தொல்காப்பியர் தரும் சோதனை

எது பெயர், எது வினை என்றே தெரியாவிட்டால் எந்த ஒலியைப் போடுவது? அதற்குத் தொல்காப்பியர் வழி சொல்லியிருக்கிறார். வேற்றுமை உருபை ஏற்பது பெயர். அதை ஏற்காமல் காலத்தைக் காட்டுவது வினை. ஆங்கில வாக்கியத்தை எழுதுமுன் அதைத் தமிழில் நினைத்துப் பாருங்கள். ‘அப்பாவின் அட்வைஸைக் கேட்டேன்’: ‘ஐ’ ஒட்டுகிறது. பெயர், வன்மை, ‘சி’.

ஒரே ஒரு கண்ணி மட்டும் உண்டு. நம் ‘பண்ணு’தான். ‘அப்பா அட்வைஸ் பண்ணினார்’ என்பதில் ‘அட்வைஸ் பண்ணினார்’ முழுவதும் சேர்ந்து ஒரே வினை. ஆங்கிலத்தில் அது ஒரே சொல், ‘எஸ்’. ஆனால் ‘அப்பா அட்வைஸ் கொடுத்தார்’ என்று நினைத்தால், கொடுத்தார் என்பதற்கு ஆங்கிலத்திலும் தனி வினை வந்துவிடும், கொடுக்கப்பட்ட பொருளாக அட்வைஸ் நிற்கும், ‘சி’. ஆகவே வாக்கியத்தில் இருப்பது பண்ணினாரா, கொடுத்தாரா என்று பாருங்கள். இன்னொன்று: தமிழில் ‘அறிவுரைகள்’ என்கிறோம் என்பதற்காகச் ‘சி’ போட்ட சொல்லுக்குப் பன்மை சேர்க்காதீர்கள். இந்தப் பொருளில் ஆங்கிலம் அறிவுரையை எண்ணுவதில்லை. தண்ணீரை எண்ணாதது போல.

கடற்கரை ஊர் மாணவர்களுக்கு இந்தச் சொல் பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில், காற்று மிகுந்த நாட்களில், ‘ஃபிஷர்மென் ஆர் அட்வைஃஸ்ட் நாட் டு வென்ச்சர்’ என்று வரும். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்குச் சொல்லப்படுகிறது என்பது பொருள். வீட்டில் அந்த ஆங்கில வரியைப் படித்துச் சொல்லக்கூடியவர் பல சமயம் பள்ளிப் பிள்ளைதான். அடுத்த முறை படிக்கும்போது அந்தச் சொல்லில் உள்ள ‘எஸ்’ என்ற எழுத்தைப் பாருங்கள். தொண்டையில் விரலை வைத்து உரக்கப் படியுங்கள்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் எந்த எழுத்து, எந்த ஒலி வரும்?

1. மருத்துவர் பாட்டிக்கு நல்ல அட்வைஸ் கொடுத்தார்.
2. மருத்துவர் பாட்டியை வெயிலில் போக வேண்டாம் என்று அட்வைஸ் பண்ணினார்.
3. நீச்சலில் உனக்குப் பிராக்டிஸ் போதாது.
4. காலையில் அரை மணி நேரம் பிராக்டிஸ் பண்ணு.
5. வெப்பம் பவளப்பாறைகளைப் பாதிக்கிறது.
6. புயலின்போது ஊராரைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். (‘ஹவுஸ்’ என்ற சொல்லை வினையாக்குங்கள்.)
7. துறைமுகத்தில் நிலக்கரி இம்போர்ட் நடக்கிறது.

விடைகள்: 1. சி. 2. எஸ். 3. சி. 4. எஸ். 5. ஏ. 6. எழுத்து மாறாது, கடைசி ஒலி ‘ஃஸ்’, நாண்கள் அதிரும். 7. பெயர்ச்சொல், அழுத்தம் முதல் அசையில்.